கருத்தடை மாத்திரை: மார்க்கம் அனுமதிப்பதும் மருத்துவம் எச்சரிப்பதும்

 

 

மிம்பரில் நின்று பேசக்கூடிய விஷயமா இது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடையாக இருக்க விடவில்லை என்று மதீனத்து அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். நாம் கூச்சப்பட்டு வாய் மூடியிருந்தால், நம் பெண்கள் கேட்க வேண்டிய கேள்வியை அண்டை வீட்டாரிடமும் மருந்துக் கடையிலும் கேட்பார்கள். அங்கே கிடைக்கும் பதில் மார்க்கமாகவும் இருக்காது, மருத்துவமாகவும் இருக்காது.

முதலில் மார்க்கத்தின் நிலையைப் பார்ப்போம். நபித்தோழர்கள் காலத்தில் கருவுறாமலிருக்கக் கையாண்ட முறைக்கு 'அஸ்ல்' என்று பெயர். குர்ஆன் அருளப்பட்டுக் கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் அதைச் செய்துவந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அச்செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியும் அவர்கள் தடுக்கவில்லை என்ற கூடுதல் விவரம் முஸ்லிமில் இருக்கிறது. ஜுதாமா பின்த் வஹ்ப் (ரலி) அவர்களின் அறிவிப்பில் அஸ்லைக் கண்டிக்கும் வாசகம் இடம்பெறுவதும் உண்மையே. இரண்டையும் இணைத்துப் பார்த்த அறிஞர்களில் பெரும்பாலோர், அது ஹராம் அன்று, தக்க காரணமின்றிச் செய்வது விரும்பத்தக்கதும் அன்று என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், திருமண ஒழுக்கங்களைக் கூறும் பகுதியில் இதை விரிவாக ஆராய்கிறார்கள். எந்த எண்ணத்தோடு செய்கிறாய் என்பதே அவர்களின் கேள்வி. பிரசவ ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பது, அவளுடைய உடல் நலிவடையாமல் பேணுவது, சுமக்க இயலாத பாரம் தலைமேல் விழுந்து தவறான சம்பாத்தியத்திற்குள் தள்ளப்படாமல் இருப்பது ஆகியவற்றை ஏற்கத்தக்க காரணங்களாகக் கூறுகிறார்கள். பெண் குழந்தை பிறந்துவிடுமோ என்ற அச்சத்தால் செய்வதைக் கெட்ட எண்ணம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது. இன்றும் நம் வீடுகளில் சொல்லப்படும் காரணங்களை இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

எகிப்தின் முஃப்தியாயிருந்த ஷைகு அப்துல் மஜீத் ஸலீம் அவர்கள் 1937-இல் இதே அடிப்படையில் அனுமதி அளித்தார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை எடுத்த தீர்மானம் இன்னும் தெளிவானது. அதன் சாரம் இதுதான்: பிள்ளைப்பேற்றுக்கு வரம்பு விதித்துப் பொதுச் சட்டம் போடுவது கூடாது, ஆணோ பெண்ணோ பிள்ளை பெறும் ஆற்றலை நிரந்தரமாக அழித்துக்கொள்வது நிர்ப்பந்தமின்றிக் கூடாது, பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விடவோ, ஒரு குறிப்பிட்ட காலத்திற்கோ கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது ஆகும். ஆனால் கணவன் மனைவி கலந்தாலோசித்து இருவரும் சம்மதித்திருக்க வேண்டும், அதனால் தீங்கு விளையக்கூடாது, வழி ஆகுமானதாக இருக்க வேண்டும், உருவாகிவிட்ட கருவின் மீது கை வைப்பதாக இருக்கக்கூடாது.

'தீங்கு விளையக்கூடாது' என்ற அந்த நிபந்தனையை நாம் ஓதிவிட்டுக் கடந்துபோய்விடுகிறோம். தீங்கு எது, எவருக்கு, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளாமல் அந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்றுவது?

அதற்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கருத்தடை மாத்திரை வேறு, கருக்கலைப்பு மாத்திரை வேறு. முன்னது கரு உண்டாகாமல் தடுப்பது. பின்னது உண்டான கருவை வெளியேற்றுவது. மார்க்கத்தில் இரண்டிற்கும் ஒரே சட்டம் இல்லை. நாட்டின் சட்டத்திலும் கருக்கலைப்பு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தகுதிபெற்ற மருத்துவரின் பொறுப்பில்தான் நடைபெற வேண்டும். மருத்துவச் சீட்டில்லாமல் அந்த மாத்திரையை வாங்கி வீட்டில் விழுங்கி, இரத்தப்போக்கு நிற்காமல் உயிருக்குப் போராடும் நிலைக்கு ஆளாவோர் உண்டு. இவ்வுரையில் நான் பேசுவது முதல் வகையைப் பற்றி மட்டுமே.

நம் நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிராம சுகாதார செவிலியரிடமும் இலவசமாகக் கிடைக்கும் 'மாலா-என்' அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அவற்றுள் 21 மட்டுமே ஹார்மோன் மாத்திரைகள். எஞ்சிய ஏழும் இரும்புச்சத்து. ஹார்மோன் மாத்திரை ஒவ்வொன்றிலும் 0.03 மில்லிகிராம் ஈஸ்ட்ரோஜனும் 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலும் உள்ளன. சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படாமல் நிறுத்தி வைப்பதே இதன் முதன்மையான வேலை. 1960-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இதைப்போல் ஐந்து மடங்கு இருந்தது. பக்கவிளைவுகளும் அந்த அளவுக்குக் கடுமையாக இருந்தன. நம் பாட்டிமார் காலத்து அச்சங்கள் சிலவற்றுக்கு வேர் அங்கே இருக்கிறது.

லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்த 'சென்குரோமன்' என்னும் மாத்திரை வேறு வகை. அதில் ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன் இல்லை. 'சஹேலி' என்ற பெயரில் 1991 முதல் விற்கப்பட்டது. பின்னர் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு 'சாயா' என்ற பெயரில் இலவசமாகத் தரப்படுகிறது. முதல் மூன்று மாதங்கள் வாரம் இருமுறை, அதன்பின் வாரம் ஒருமுறை விழுங்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போவது இதன் முக்கியமான பக்கவிளைவு. சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளோரும், மஞ்சள்காமாலை, கல்லீரல் நோய் உள்ளோரும் இதைத் தவிர்க்க வேண்டும்.

இனி நன்மைகள். கருத்தடைக்காக அன்றி, நோய்க்கு மருந்தாகவே இந்த ஹார்மோன் மாத்திரையை மருத்துவர்கள் பல பெண்களுக்குத் தருகிறார்கள். அதிக உதிரப்போக்கு, தாங்கமுடியாத வயிற்றுவலி, ஒழுங்கற்ற மாதவிடாய், நீர்க்கட்டி ஆகியவற்றுக்கு இது சிகிச்சை. மணமாகாத பெண்ணுக்கு மருத்துவர் இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தால், சீட்டைப் பார்த்துவிட்டு அப்பெண்ணின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கும் பெற்றோரும் உறவினரும் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளட்டும். உதிரப்போக்கு குறைவதால் இரத்தசோகை குறைகிறது. ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தியவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவதாக, பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2008-இல் வெளியான கணக்கு கூறுகிறது. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயிலும் இதுபோன்ற பாதுகாப்பு காணப்படுகிறது.

தீமைகளை மறைக்கக்கூடாது. குமட்டல், தலைவலி, மார்பில் வலி, இடையிடையே உதிரக்கசிவு ஆகியவை தொடக்கத்தில் தோன்றி இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். சிலருக்கு முகத்தில் மங்கு படரும். சிலருக்கு மனச்சோர்வு உண்டாகும். 'மாத்திரை தின்றால் நிரந்தரமாக மலடாகிவிடுவாள்' என்பது ஆதாரமற்ற பேச்சு. நிறுத்திய சில மாதங்களில் கருவுறும் ஆற்றல் திரும்பிவிடுகிறது. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு, மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் சற்றுக் கூடுகிறது. நிறுத்தியபின் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. டென்மார்க் நாட்டுப் பெண்களைப் பற்றி 2017-இல் வெளியான பெரிய ஆய்வு, ஏறத்தாழ 7,690 பெண்கள் ஓராண்டு பயன்படுத்தினால் ஒருவருக்குக் கூடுதலாக அந்நோய் வருவதாகக் கணக்கிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்துவோருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே அதற்குரிய பரிசோதனையை அவர்கள் தவறவிடலாகாது.

எல்லாவற்றிலும் கவனமாயிருக்க வேண்டியது இரத்தக் கட்டி. காலின் ஆழமான நரம்பில் இரத்தம் உறைந்து, அங்கிருந்து நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிர் போகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, மாத்திரையும் எடுக்காத கர்ப்பமும் இல்லாத பத்தாயிரம் பெண்களில் ஓராண்டில் 1 முதல் 5 பேருக்கு இது வருகிறது. மாத்திரை எடுப்போரில் 3 முதல் 9 பேர். கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேர். குழந்தை பெற்ற முதல் பன்னிரண்டு வாரங்களில் இதே வேகம் 40 முதல் 65 வரை ஏறுகிறது. மாத்திரையைக் கண்டு நடுங்குவதற்கும் இதில் இடமில்லை, அலட்சியம் செய்வதற்கும் இடமில்லை. யாருக்கு ஆபத்து என்று தெரிந்துகொண்டால் போதும். முன்பு இரத்தக் கட்டி, பக்கவாதம், இதயநோய் வந்தவர், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர், கண்முன் ஒளி மின்னித் தொடங்கும் ஒற்றைத் தலைவலி உடையவர், கல்லீரல் நோயாளி, மார்பகப் புற்றுநோய் கண்டவர், சர்க்கரை நோய் முற்றிக் கண்ணோ சிறுநீரகமோ பழுதுற்றவர், 35 வயதைக் கடந்தும் புகைப்பவர் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உண்போருக்கும், வலிப்பு நோய்க்குச் சிலவகை மருந்து உண்போருக்கும் மாத்திரை பலனளிக்காமல் போகலாம்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இதுவரை கண்டிராத கடும் தலைவலி, பார்வை மங்கல், கடும் வயிற்றுவலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'கஷாயம் வைத்துக் குடித்துப் பார்ப்போம்' என்று காத்திருக்கும் நேரம் அதுவன்று.

இனி நம் வீட்டுச் சங்கதிக்கு வருகிறேன். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் திருவிதாங்கோட்டிலும் தக்கலையிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெருவைக் காண்பது அரிது. கணவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வருகிறார். விமானம் இறங்கும் வாரத்தில் மனைவி மாத்திரையைத் தொடங்குகிறாள், அவர் திரும்பிப் போனதும் நிறுத்திவிடுகிறாள். அடுத்த விடுப்பில் மறுபடியும் அதே. சிக்கனமான ஏற்பாடு என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இரத்தக் கட்டி ஆபத்து மிகுதியாக இருப்பது, முதன்முதலாகத் தொடங்கும் காலத்திலும், நான்கு வாரத்திற்கு மேல் இடைவெளி விட்டு மீண்டும் தொடங்கும் காலத்திலும்தான். அதாவது நம் பெண்கள் ஒவ்வொரு விடுப்பிலும் அந்த ஆபத்தான படியிலேயே மறுபடியும் மறுபடியும் ஏறி நிற்கிறார்கள். மேலும், மாதவிடாய் தொடங்கிய முதல் ஐந்து நாட்களுக்குள் தொடங்காவிட்டால், ஏழு நாட்கள் விழுங்கிய பிறகே பாதுகாப்பு உண்டாகும்.

சகோதரர்களே, ஒன்றைச் சிந்தியுங்கள். அஸ்ல் என்பது யார் செய்தது? ஆண் செய்தது. கட்டுப்பாட்டின் பாரம் அவன் மீது இருந்தது. இன்று மாத்திரையும் பெண்ணுக்கு, ஊசியும் பெண்ணுக்கு, அறுவைச் சிகிச்சையும் பெண்ணுக்கு. இரண்டு மாத விடுப்பு என்றால் ஆணுறை போதுமானது. உடலுக்குள் எந்த மருந்தும் போவதில்லை. அஸ்லுக்கு மிக நெருக்கமானதும் அதுவே. ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டும் என்பதே நிபந்தனை. 'எனக்குச் சிரமம், நீ மாத்திரை தின்று கொள்' என்று தொலைபேசியில் கட்டளையிடுவது கலந்தாலோசனை ஆகாது. குழந்தைக்குப் பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் பேசி மனமொப்பிச் செய்ய வேண்டும் என்று திருமறையின் 2:233 வசனம் போதிக்கிறது. பால்குடிக்கே இவ்வளவு ஆலோசனை என்றால், மனைவியின் உடலில் மாதக்கணக்கில் செல்லும் மருந்துக்கு எவ்வளவு வேண்டும்! கணவனுக்குத் தெரியாமல் மனைவி இரகசியமாக விழுங்குவதும் இதே காரணத்தால் சரியன்று. பிள்ளை இருவரின் உரிமை.

அதே வசனம் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைக் குறிப்பிடுகிறது. தாயோ தந்தையோ பிள்ளையின் பொருட்டுத் துன்புறுத்தப்படக் கூடாது என்றும் கூறுகிறது. நம்மிடம் நாற்பது குளித்ததும் கடையில் மாத்திரை வாங்கித் தரும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. தாய்ப்பால் கொடுப்பவர் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம்வரை ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். பால் குறையக்கூடும், தொடக்க வாரங்களில் இரத்தக் கட்டி அபாயமும் உண்டு. வேறு எதுவும் தராமல் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாதிருந்தால், முதல் ஆறு மாதங்கள் அதுவே பெரிய அளவுக்குக் கருத்தடையாக அமைகிறது. அல்லாஹ்வின் ஏற்பாட்டைப் பாருங்கள்! கூடுதல் பாதுகாப்பு வேண்டுவோர் பாலூட்டும் தாய்க்கு ஏற்ற முறையை மருத்துவரிடம் கேட்டறியலாம்.

இன்னொரு செய்தி மனத்தை உறுத்துகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் நிரந்தரக் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரை உண்போர் மிகமிகச் சிலரே. நம் சமுதாயமும் இந்த ஓட்டத்தில்தான் போகிறது. மாத்திரையின் பக்கவிளைவைப் பற்றிக் கேட்டறிந்த அரைகுறைச் செய்திக்குப் பயந்து, இரண்டாவது பிரசவத்தோடு 'ஆபரேஷன்' செய்துவிடுகிறார்கள். உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) அவர்கள் துறவு பூண விரும்பியபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அனுமதித்திருந்தால் தாங்கள் ஆண்மை நீக்கம் செய்துகொண்டிருப்போம் என்று ஸஅத் (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். பிள்ளை பெறும் ஆற்றலை நிரந்தரமாகத் துண்டிப்பதை உலமாக்கள் தடுப்பதற்கு இது ஓர் ஆதாரம். அடுத்த கர்ப்பம் தாயின் உயிருக்கு ஆபத்து என்று நம்பத்தகுந்த மருத்துவர் சொன்னால் அது வேறு. மற்றபடி, மீளக்கூடிய வழி இருக்கும்போது மீள முடியாத வழிக்குத் தாவுவது ஏன்? விழுங்குவதை நிறுத்தினால் பழைய நிலை திரும்பும் என்ற ஒன்றே மாத்திரையை மார்க்க அடிப்படையில் பல படிகள் மேலாக்குகிறது. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்வதைத் தடுக்கும் 17:31 வசனம் மாத்திரையை நேரடியாகத் தடுக்கவில்லை. ஆயினும் ரிஸ்க் அளிப்பவன் யார் என்பதை மறந்த மனநிலையை அது கண்டிக்கிறது.

ஒரு படையில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று கேட்டதற்கு, உடனிருந்தோர் 'தண்ணீர் இருக்கிறதே, உமக்குச் சலுகையில்லை' என்று கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். நபி (ஸல்) அவர்கள் கடும் கோபமடைந்து, அவர்கள்தாம் அவரைக் கொன்றார்கள் என்ற பொருளில் கண்டித்து, அறியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்று வினவியதாக அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு உள்ளது. தெரியாமல் சொன்ன யோசனை ஓர் உயிரைக் குடித்தது. 'என் மருமகள் இதைத்தான் சாப்பிடுகிறாள், நீயும் வாங்கிச் சாப்பிடு' என்று அட்டையை நீட்டும் அன்பான மாமிமார் இதைக் கவனிக்க வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்காமல் ஹார்மோன் மாத்திரையைத் தொடங்குவது கூடாது. அதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசும் வேண்டியதில்லை.

ரமளான் நெருங்கும்போதும் ஹஜ், உம்ரா காலத்திலும் இமாம்களிடம் தவறாமல் வரும் கேள்வி, மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை விழுங்கலாமா என்பது. நீண்டுபோன உதிரத்தை நிறுத்த மருந்து உண்ணலாமா என்று கேட்கப்பட்டபோது இப்னு உமர் (ரலி) அவர்கள் தவறில்லை என்றதாக 'முஸன்னஃப் அப்துர் ரஸ்ஸாக்' நூலில் வருகிறது. உடலுக்குத் தீங்கில்லையெனில் தள்ளிப்போடலாம் என்பதே இக்காலத்து உலமாக்கள் பலருடைய கருத்து. ஆனால் ஹஜ்ஜையும் ரமளானையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஹஜ்ஜில் கடமையான தவாஃப் நிறைவேறாமல் ஊர் திரும்ப இயலாது, குழுவும் விமானமும் காத்திருக்காது. அங்கே தேவை உண்டு. ரமளானிலோ விடுபட்ட நோன்பைப் பின்னர் களாச் செய்ய மார்க்கமே வழி வைத்திருக்கிறது. ஹஜ் பயணத்தில் ஸரிஃப் என்னுமிடத்தில் மாதவிடாய் வந்து அழுத அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம், இது ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது என்று நபி (ஸல்) அவர்கள் தேற்றினார்கள். நோன்பை முப்பதும் தொடர்ச்சியாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஆண்டுதோறும் மருந்து தின்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்குக் கடைகளில் தரப்படுவது பெரும்பாலும் நார்எத்திஸ்டிரோன். இது மாதாந்தரக் கருத்தடை மாத்திரை அன்று. இப்படிச் சில நாள் உண்பதைக் கருத்தடையாக நம்பவும் கூடாது. மாதவிடாய் எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி நாளொன்றுக்கு மூன்று மாத்திரை என உண்பது வழக்கம். அந்த அளவில் அதன் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஆகையால் இரத்தக் கட்டிக்கு வாய்ப்புள்ள பெண்ணுக்கு இதுவும் ஆபத்தே. அத்துடன் ஐந்தாறு மணி நேர விமானப் பயணம், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, காலை மடக்கி ஒரே இடத்தில் அமர்ந்திருப்பது எல்லாம் சேர்ந்தால் என்னவாகும்? ஹஜ்ஜுக்குப் புறப்படும் பெண்கள் ஓரிரு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும். கடைசி வாரத்தில் கடைக்குப் பிள்ளையை அனுப்பி வாங்கி வரச் செய்யக் கூடாது.

மாத்திரை உண்டு உதிரம் வராதிருந்தால் அவள் தூய்மையானவள். தொழுகையும் நோன்பும் தவாஃபும் நிறைவேறும். இடையில் கசிவு கண்டால்தான் பலருக்குக் குழப்பம். பதினைந்து நாள் தூய்மைக்குப் பின் வரும் கசிவு, ஷாஃபிஈ மத்ஹபில் விட்டுவிட்டு வந்தாலும் பதினைந்து நாட்களுக்குள் மொத்தம் 24 மணி நேர அளவை எட்டினால் ஹைளு, எட்டாவிட்டால் இஸ்திஹாளா. ஹனஃபி மத்ஹபில் குறைந்த அளவு மூன்று இரவு பகல், அதிக அளவு பத்து. இஸ்திஹாளா என்று உறுதியானால் நோன்பு பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தொழுகைக்கும் நேரம் வந்தபின் சுத்தம் செய்து, ஒளுச் செய்து தொழ வேண்டும். ஹைளு என்று எண்ணி விட்ட தொழுகைகளையும் களாச் செய்ய வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை உண்ணும் வாரத்தில் வரும் உதிரம் இந்த அளவுகளுக்கு உட்பட்டிருந்தால் ஹைளாகவே கருதப்படும். தொடங்கிய நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு வந்து கேட்டால், பதில் சொல்வது எங்களுக்கும் எளிது. வல்லாஹு அஃலம்.